மணிக்கு மூன்று விரல்

அன்புள்ள சின்னவளுக்கு அப்பா சொல்லி எழுதுவது. இங்கே எல்லாரும் உடம்புக்குக் குறையில்லாமல் இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் அப்படியே இருக்க வேண்டும். நான் சொல்லச் சொல்ல மாடி வீட்டுத் தையல்காரர் எழுதுகிறார், வழக்கமாக எழுதித் தரும் அண்ணிக்கு இது தெரியாது.

உன் அண்ணன் வேலை போக இருந்தது, போகவில்லை. இந்தக் குடியிருப்புக்கு மோட்டார் போட்டுத் தொட்டி நிரப்புவது அவன் பொறுப்பு, நாங்கள் இருக்கிற வீடும் அந்த வேலையோடு வந்ததுதான். போன மாதம் காலையில் நிரப்பிய தண்ணீர் சாயங்காலத்துக்குள் தீர ஆரம்பித்தது. வியாழக்கிழமை சாயங்காலம் சங்கத்துச் செயலாளர் வாசலில் வந்து நின்று, லாரிக்காரனுக்குத் தண்ணீர் விற்கிறாயா, காலையில் நிறைந்த தொட்டி இப்போது காலி, இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும், வீட்டைக் காலி பண்ணு என்றார். நான் உள்ளே போய் என் தாளைக் கொண்டுவந்தேன். எனக்கு எழுத்து வராது, புள்ளி வைக்க வரும். துணி காயப்போடுகிற சாக்கில் மணிக்கொரு தரம் மாடி ஏறித் தொட்டிக்குள் குச்சி விட்டுப் பார்த்து, கட்டம் போட்ட தாளில் மணிக்கு ஒரு கட்டம் வலப்பக்கம் தள்ளி, தண்ணீர் எத்தனை விரல் குறைந்ததோ அத்தனை கட்டம் கீழே இறக்கிப் புள்ளி வைத்திருந்தேன். காலையில் எல்லாரும் குளிக்கிற நேரம் கோடு செங்குத்தாக விழுகிறது, பிறகு சாய்வு குறைகிறது. பத்து மணிக்கு மேல் எல்லா வீடும் பூட்டு, கோடு படுத்துவிட வேண்டும். படுக்கவில்லை. மணிக்கு மூன்று விரல், அடுத்த மணிக்கும் மூன்று, பிற்பகல் வரை அதே மூன்று, அளவுகோல் வைத்தால் ஒரு புள்ளி விலகவில்லை. லாரிக்கு விட்டிருந்தால் ஓரிடத்தில் படிக்கட்டு மாதிரி தடாலென்று இறங்கியிருக்கும். திருடுகிறவன் இப்படி ஒரே சீராகத் திருட மாட்டான் ஐயா, பீடி பிடிக்கவாவது நிறுத்துவான் என்றேன். செயலாளருக்கே சிரிப்பு வந்துவிட்டது. மறுநாள் தோண்டினார்கள், சைக்கிள் கொட்டகைக்கு அடியில் குழாய் வெடித்திருந்தது.

அன்றைக்கு அண்ணன் சந்தோஷமாகத்தான் இருந்தான். அடுத்த நாள் அந்தத் தாளை எடுத்துப் பார்த்தான். நாளுக்கு ஒரு கோடாக நாலு கோடு இருந்தது. எண்ணிப் பார்த்துவிட்டு, அவரு வந்து கேட்டது வியாழக்கிழமை, நீங்க திங்கட்கிழமையே ஆரம்பிச்சிருக்கீங்களேப்பா, எதுக்கு என்றான். அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை அவன் வாசல் கேட் அருகே லாரிக்காரனோடு நின்று பேசியதை நான் பார்த்திருந்தேன். அதை அவனிடம் சொல்லாமல் தாளை வாங்கி மடித்து வைத்தேன். சாப்பாடு போடுகிறான், வேளைக்கு மாத்திரை எடுத்துத் தருகிறான், பேச்சு மட்டும் இல்லை.

நீ போன் பண்ணும்போது இதைக் கிளறாதே. உன் பல்லை டாக்டரிடம் காட்டச் சொன்னேனே, காட்டினாயா. இருவரும் நன்றாக இருங்கள், நினைத்தது நடக்கட்டும். வீட்டு ஆள் மேல் உனக்குச் சந்தேகம் வந்தால் நேரே கேட்டுவிடு, அளந்து பார்க்காதே.

கீழே இருப்பது என் பெருவிரல் ரேகை,
அப்பா