உன் கை முடுக்கிய கண்டன்சர்

என் ஆசை அண்ணாவுக்கு,

பாப்பாவுக்குக் காது குத்தியாகிவிட்டது. இதை உன்னிடம்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும். சொந்தக்காரர்களுக்கெல்லாம் போன் போட்டுச் சொல்லி முடித்த பிறகு, உன் நம்பரை எடுத்து வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தேன். அதை அழிக்க இன்னும் மனசு வரவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

நீ போய் வருஷம் திரும்பட்டும் என்று பொறுத்திருந்ததில் பாப்பாவுக்கு மூன்று வயதாகிவிட்டது. கம்பெனியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாயாம். யாருடைய வேனிலோ உன்னைத் தூக்கிப் போட்டுக்கொண்டு போனார்கள். உன் பழைய ஃபியட் மட்டும் கம்பெனி கேட்டுக்கு வெளியே, நீ வந்து எடுப்பாய் என்று நின்றுகொண்டிருந்தது. அதை நான்தான் நல்லூர் வீட்டுக்கு ஓட்டி வந்தேன். சீட்டை முன்னால் இழுக்காமல், உன் கால் நீளத்துக்கே வைத்து, எட்டி எட்டி மிதித்துக்கொண்டு வந்தேன்.

பாப்பா பிறந்த அன்று ஆஸ்பத்திரியில் நீ சொன்னது ஞாபகம் இருக்கிறதா? "அம்மிணி, காதுகுத்துக்கு வேற எந்த வண்டியும் ஆவாது. நம்ம ஃபியட்டுலதான் கோயிலுக்குப் போறோம். என்ற மடியிலதான் பாப்பா உக்காரோணும்." தாய்மாமன் மடி உன் உரிமை. உனக்கென்று ஒரு குடும்பம் இல்லாததால் அந்த உரிமையை நீ எத்தனை ஆசையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தாய் என்று எனக்குத் தெரியும்.

மடி போய்விட்டது. வண்டியாவது வரட்டும் என்று நான் ஒற்றைக்காலில் நின்றேன். என் வீட்டுக்காரர், அதுதான் உன் மாப்பிள்ளைக்குச் சம்மதமே இல்லை.

"வாடகைக் காரு வெச்சுக்கலாம், செல்வி. செத்தவரு வண்டியிலயா நல்ல காரியத்துக்குப் போறதுன்னு ஏற்கெனவே நாலு பேரு பேசறாங்க. நடுவழியில நின்னுபோச்சுன்னா, அதையே சகுனம்னு காலத்துக்கும் சொல்லுவாங்க."

"நிக்காதுங்க. நிக்காம பாத்துக்கறது என்ற பொறுப்புங்க," என்றேன். உன் தங்கச்சியாயிற்றே, வாய்க்குக் குறைச்சலா?

இத்தனைக்கும் வண்டியில் அப்போது ஒரு கோளாறும் இல்லை. பேட்டரியை சார்ஜ் ஏற்றிப் போட்டதும் சாவியைத் திருப்பிய கையோடு எடுத்துக்கொண்டது. ஆனாலும் எனக்குப் பயம். நீ இல்லாத வண்டியை எப்படி நம்புவது? நெருப்புப் பொறி தருகிற சாமான் எல்லாவற்றையும், பாயிண்ட், கண்டன்சர், ரோட்டார், மூடி, பிளக் என்று ஒன்று விடாமல் புதிதாக மாற்றிவிடுவது என்று முடிவு செய்து, கோயம்புத்தூரில் பழைய வண்டிச் சாமான் விற்கிற ஒரு கடைக்குப் போனேன்.

நான் பனியன் கம்பெனியில் செக்கிங் டேபிளில் பிழைக்கிறவள். லேபிளைப் பார்த்து மயங்குகிற ஆள் இல்லை. எங்கள் கம்பெனியிலேயே ஒரே பனியனுக்கு எத்தனை லேபிள் தைத்துப் பார்த்திருக்கிறேன். அதனால் டப்பாவைத் தள்ளி வைத்துவிட்டு, பாயிண்டின் முகம் சமமாக இருக்கிறதா, ரோட்டாரின் ஆணி ஆடுகிறதா என்று ஒவ்வொன்றாக நகத்தால் நெருடிப் பார்த்தேன். கண்டன்சரை மட்டும் எப்படிப் பார்ப்பது? விரல் நுனி அளவு மூடிய தகரம். உள்ளே என்ன இருக்கிறதென்று அதற்குத்தான் தெரியும்.

அங்கேதான் நம் ஊர்ப் புத்தி வேலை செய்தது. சாயத் துணியில் லாட் மாறினால் பனியனின் உடம்பு ஒரு ஷேடு, கை ஒரு ஷேடாகிவிடும் என்று நாள் முழுக்கக் கத்துகிற வாய் அல்லவா இது? "கண்டன்சருக்கு ஸ்பேரும் இதே லாட்டுல குடுங்க. மாத்திக் கீத்திக் குடுத்துறாதீங்க," என்று கடைக்காரரிடம் கறாராகச் சொல்லி வாங்கினேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். நான் பெருமையாக நினைத்துக்கொண்டேன்.

நீ டைமிங் வைக்கும்போது டார்ச் பிடித்தவள்தானே, எல்லாவற்றையும் நானே மாட்டினேன். கழற்றிய பழசையெல்லாம் வேஸ்ட் துணியில் சுருட்டிக் குப்பைக்கூடையில் போட்டேன். தெருவுக்குள் நாலு சுற்று சுற்றினேன். நன்றாகத்தான் ஓடியது.

காதுகுத்து அன்று காலையில் சாமந்தி மாலை போட்டு வண்டியை எடுத்தோம். பின்சீட்டில் உன் மாப்பிள்ளை, அவர் மடியில் பாப்பா. பின்னால் நாலைந்து கார்களில் சொந்தபந்தம். மலைக்கோயில் கண்ணுக்குத் தெரிகிற தூரம் வந்ததும் வண்டி விக்கல் எடுக்க ஆரம்பித்தது. ரெண்டு உதறு உதறி, ரோட்டோரமாக நின்றுவிட்டது.

மூடியைத் திறந்தால் பாயிண்ட் கருகிக் கிடந்தது. பாயிண்டைக் கருகாமல் காக்கிற கண்டன்சர் போய்விட்டது என்று புரிந்தது. அதற்கென்ன, ஸ்பேர் இருக்கிறதே என்று பாயிண்டைத் தேய்த்துவிட்டு மாட்டினேன். கிளம்பியது. கொஞ்ச தூரம் போய், சூடு ஏறியதும், அதே உதறல். அதே மாதிரி நின்றது.

அப்போதுதான் உறைத்தது. ஒரே லாட்டில் வாங்கினால் நிறம் மட்டுமா ஒன்றாக இருக்கும், நோயும் ஒன்றாகத்தானே இருக்கும்? துணிக்குச் சரியான புத்தியை ஸ்பேருக்கு வைத்துவிட்டேன்.

பின்னால் கார்க்கதவுகள் திறக்கிற சத்தம் கேட்டது. "அப்பவே வேண்டாம்னு சொன்னோம்" என்று யாரோ ஆரம்பித்தார்கள். நான் பானட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டு உன்னைத் திட்டினேன் அண்ணா. ஏன்டா போனே, என்னை இப்படி நடுரோட்டில் நிறுத்திவிட்டு ஏன் போனே என்று, வாயில் வந்தபடி.

உன் மாப்பிள்ளை இறங்கி வந்தார். எனக்கு நல்லா வேணும், வாங்கிக் கட்டிக்கொள்வோம் என்று நின்றேன். அவர் சட்டை ஜோப்பில் இருந்து ஒரு வேஸ்ட் துணிச் சுருட்டை எடுத்து நீட்டினார். உள்ளே உன் கண்டன்சர்.

"குப்பையில கெடந்துச்சு. மச்சான் கடைசியா முடுக்குனதுன்னு எடுத்து வெச்சேன்," என்றார்.

"இங்க ஏனுங்க கொண்டுக்கிட்டு வந்தீங்க?"

அவர் ரோட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "இன்னிக்கு அவரும் கோயிலுக்கு வரட்டும்னுதான்."

ஸ்பேராக இருக்கட்டும் என்று அவர் கொண்டுவரவில்லை அண்ணா. உன்னைத்தான் ஜோப்பில் போட்டுக்கொண்டு வந்திருக்கிறார். வண்டியே வேண்டாம் என்று சொன்ன மனுஷன்.

அதையே மாட்டினேன். சாவியைத் திருப்பியதும் பிடித்துக்கொண்டது. உன் வண்டியின் பழைய சத்தம், ஒரு சீராக. அதுவரை சிணுங்கிக்கொண்டிருந்த பாப்பா எழுந்து நின்று, "மாமா வந்தாச்சு!" என்று கத்தினாள். ஜன்னல் வழியாக ரோட்டின் ரெண்டு பக்கமும் தேடினாள். குறை சொல்ல இறங்கியவர்களும் திரும்பிப் போய்க் காரில் ஏறிக்கொண்டார்கள். நான் கியரைப் போட்டு ஓட்டினேன். கண்ணீரில் ரோடு சரியாகத் தெரியவில்லை.

கோயிலில் நம் பெரியப்பா மகன் முருகேசண்ணன், உன் துண்டைத் தன் மடியில் விரித்து, அதன் மேல்தான் பாப்பாவை உட்கார வைத்தார். "இது அவன் மடி. நான் சும்மா கீழ உக்காந்திருக்கறேன்," என்றார்.

அந்தக் கண்டன்சரை நீ எங்கே வாங்கினாய்? எப்போது மாட்டினாய்? உன்னிடம் எதையுமே கேட்டு வைத்துக்கொள்ளவில்லையே. இப்போது வேறு வேறு கடையில் ஒவ்வொன்றாக வாங்குகிறேன். ஒரு தடவைக்கு ஒன்றைத்தான் மாற்றுகிறேன். நன்றாகச் சூடேறும் வரை ஓட்டிப் பார்த்து, தேறினால் கழற்றி ஸ்பேராக எடுத்து வைத்துவிட்டு, மறுபடி உன்னுடையதையே முடுக்குகிறேன். அதுவும் ஒருநாள் போகும். தெரியும்.

நான் வண்டியை ஸ்டார்ட் செய்யும்போதெல்லாம் பாப்பா வாசலுக்கு ஓடி வருகிறாள். உன் சீட்டில் என்னைப் பார்த்ததும் முகம் வாடிவிடுகிறது. அதைப் பார்க்க முடியாமல் வண்டியை விற்றுவிடலாமா என்றுகூட நினைத்தேன். மாட்டேன் அண்ணா, சத்தியமாக மாட்டேன். ஓடி வருவதை அவள் நிறுத்துகிற நாள் ஒன்று வரும். அன்றைக்கும் ஸ்டார்ட் செய்வேன்.

பாப்பாவின் அம்மா,
உன் அம்மிணி,
செல்வி