எண்ணிக்கை சரி

மகளிர் விடுதி, அறை 14
ஞாயிறு, பகல்

அன்புள்ள எறும்புக்கு,

நலம், நலமறிய ஆவல் என்று எழுத மனம் வரவில்லை. நீ நலமாக இருக்கமாட்டாய் என்று தெரியும். நானும் இல்லை. நீ போனை அணைத்துப் போட்டு பன்னிரண்டு நாளாகிறது. வீட்டு எண்ணுக்குக் கூப்பிட்டால் உன் அப்பா எடுத்து, நீ தூங்குவதாகச் சொல்கிறார். காலை பதினொரு மணிக்கும் தூக்கம், மாலை ஐந்து மணிக்கும் தூக்கம். இதை நம்ப நான் என்ன நேற்றுப் பிறந்தவளா? அதனால்தான் கடிதம். இதையாவது உன் கையில் கொடுப்பார் என்று நினைக்கிறேன்.

முதலில் உன்னைத் திட்டிவிடுகிறேன். ஒரு வார்த்தை சொல்லாமல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனாயே, உன் பன்னிரண்டு படுக்கைகளை யார் பார்ப்பார்கள் என்று நினைத்தாய்? என் பன்னிரண்டோடு அவையும் என் தலையில். கூடப் படிக்கும் நம் கண்ணாடி உதவிக்கு வருகிறேன் என்று சொல்லி, வார்டு வாசலில் நின்று கொட்டாவி விட்டுவிட்டுப் போகிறான். ஏழாம் படுக்கை லாரி டிரைவர் உன் குரலுக்குத்தான் கண் திறப்பார் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. தினமும் தொண்டை கிழியக் கூப்பிடுகிறேன். நேற்று ஒருமுறை திறந்தார், என்னைப் பார்த்தார், மறுபடி மூடிக்கொண்டார். மூன்று வருடம் கண் விழித்துக் கற்ற படிப்பை மூன்று வரி ராஜினாமாவில் முடித்துவிட்டு உன்னால் எப்படிப் படுத்திருக்க முடிகிறது?

துறை அறிக்கை வெள்ளிக்கிழமை வந்தது. எனக்கும் கண்ணாடிக்கும் ஆளுக்கொரு நகல். நீயும் வாசிக்க வேண்டும் என்பதற்காக ஒரு வரியை அப்படியே எழுதுகிறேன். "அறுவை மேசையை விட்டு வெளியேறிய பயிற்சி மருத்துவர், பஞ்சுத் துண்டு குறைவதை யாருக்கும் தெரிவிக்கவில்லை." படித்ததும் உச்சந்தலை வரை எரிந்தது. வெளியேறினாயாம். தெரிவிக்கவில்லையாம். என்ன துணிச்சல் பார். வெளியே போ என்று சொன்னது யார், அதைச் சொன்ன குரல் பக்கத்து ஆபரேஷன் தியேட்டர் வரை கேட்டதா இல்லையா என்று ஒரு எழுத்து கிடையாது. கீழே துறைத் தலைவர், நம் பெரியவர் கையெழுத்து, வழக்கம்போல அழகாக.

வியாழக்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு கல்லூரி முதல்வர் அறையில் விசாரணை. அன்று நடந்ததை வரிசையாகச் சொல்ல வேண்டும். உனக்குத் தெரிந்ததுதான். ஆனாலும் உன்னிடம் ஒருமுறை சொல்லிப் பார்க்கிறேன், பொறுத்துக்கொள்.

நம் நோயாளி தையற்காரம்மாவின் கட்டி வலது நெற்றிக்குப் பின்னால், மூளையின் உறையோடு ஒட்டிக்கொண்டிருந்தது. பெரியவரின் கை அன்றைக்கும் அழகாகத்தான் வேலை செய்தது. அதை நான் மறுக்கமாட்டேன். ஐந்து மணி நேரத்தில் கட்டி முழுசாக வெளியே வந்தது. மூளைமேல் வைக்கும் பஞ்சுத் துண்டுகள், தபால்தலையில் பாதி அளவு, ஒவ்வொன்றுக்கும் ஒரு நூல் வால். உள்ளே போனது நாற்பது என்று சிஸ்டர் வெள்ளைப் பலகையில் எழுதியிருந்தார். வெளியே வந்தது முப்பத்தொன்பது. சிஸ்டர் இரண்டு தடவை எண்ணிவிட்டு, "ஒண்ணு குறையுது சார்" என்றார். பலகையில்தான் தப்பாக எழுதியிருப்பீர்கள், மூடுங்கள் என்றார் பெரியவர். அடுத்த தியேட்டரில் அவருக்காக இன்னொரு நோயாளி மயக்கத்தில் காத்திருந்தார்.

மூடுவது உன் முறை. ஊசி உன் கையில் இருந்தது. நீ தைக்கவில்லை. "பொறுங்க சார், ஒரு தடவை உள்ள பார்த்துக்கறேன்" என்றாய். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. அடுப்பை அணைத்தேனா என்று பார்த்துவிட்டு வருகிறேன் என்பார்களே, அந்த மாதிரிதான் சொன்னாய். அதற்கு அவர் கத்திய கத்தலை நான் திருப்பி எழுதப்போவதில்லை. உன்னை வெளியே அனுப்பினார். நீ கீழே வைத்த ஊசியை எடுத்து என் பக்கம் நீட்டினார்.

நான் வாங்கிக்கொண்டேன்.

என் பயிற்சிப் பதிவேடு உனக்குத் தெரியும். "தனியாக மூடியது" என்ற பக்கத்தில் பத்துக் கையெழுத்து இல்லாவிட்டால் தேர்வுக்கு உட்கார முடியாது. உனக்கு ஏழு, கண்ணாடிக்கு ஒன்பது, எனக்கு இரண்டு. முதல் வருடம் அவரை எதிர்த்துப் பேசியதற்கு எனக்கு விழுந்த தண்டனை அது. அதற்காகத்தானே எனக்குப் பட்டாசு என்று பெயர் வைத்தாய். எட்டு மாதமாக ஒரு கையெழுத்தும் ஏறவில்லை. ஊசியை நீட்டியபோது எனக்குத் தையற்காரம்மா கண்ணில் படவில்லை, அந்தக் காலிக் கட்டம்தான் பட்டது. தைத்தேன். பிறகு உட்கார்ந்து அறுவைக் குறிப்பு எழுதினேன். "பஞ்சு எண்ணிக்கை சரி." பேனா ஒரு இடத்திலும் நிற்கவில்லை. பெரியவர் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டு, நன்றாகத் தைக்கிறாய் என்றார். அன்று மாலை முழுக்க நான் சந்தோஷமாக இருந்தேன். எழுதவே கூசுகிறது, ஆனால் இருந்தேன்.

அறைக்கு வந்ததும் நீ, குறிப்பில் என்ன எழுதினாய் என்று கேட்டாய். சரி என்று எழுதினேன் என்றேன். நீ முகம் கழுவப் போய்விட்டாய். எனக்குக் கோபம் கோபமாக வந்தது, இப்போதும் வருகிறது. ஏனடி திட்டவில்லை? ஒரு புத்தகத்தை எடுத்து என் மேல் எறிந்திருந்தால் அந்த நிமிடமே ஓடிப்போய்ச் சொல்லியிருப்பேன். இப்படிச் சொல்லி உன் மேலேயே பழியைப் போடுகிறேன் பார், இதைத்தான் பெரியவரும் செய்தார்.

மறுநாள் ஸ்கேனில் ஒரு வெள்ளைக் கோடு தெரிந்தது. ரத்தக்குழாயை அடைக்கப் போட்ட கிளிப் என்றார் பெரியவர். கிளிப் என்றேன் நானும். ஆறாம் நாள் தையற்காரம்மாவுக்குக் காய்ச்சல் ஏறி, பேச்சுக் குழறி, துறையின் இரண்டாவது பேராசிரியர் மறுபடி திறந்து, நூல் வாலோடு அந்தப் பஞ்சுத் துண்டை வெளியே எடுத்தார். அடுத்த காலைக் கூட்டத்தில் பெரியவர் எல்லார் முன்னாலும் அதை உன் தவறு என்றபோது நீ என்னைத் திரும்பிப் பார்த்தாய். நான் என் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மதியம் உன் கட்டில் காலியாக இருந்தது.

இனி உனக்குத் தெரியாதது.

தையற்காரம்மா தேறிவிட்டார். பேச்சும் தெளிந்துவிட்டது, இடது கையை மட்டும் கொஞ்சம் மெதுவாகத் தூக்குகிறார். யாரோ ஒரு லேடி டாக்டர் எண்ணிப் பார்க்க வேண்டும் என்று அடம்பிடித்ததாக வார்டு உதவியாளர் அவரிடம் சொல்லியிருக்கிறார். வார்டில் இப்போது இருக்கும் லேடி டாக்டர் நான் ஒருத்திதான். புதன்கிழமை கட்டு மாற்றப் போனபோது அவர் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "நான் சட்டை தைச்சுக் குடுக்கறப்ப குண்டூசியை எண்ணிட்டுத்தாம்மா குடுப்பேன். ஒண்ணு குறைஞ்சாலும் துணியை உதறாம விடமாட்டேன். உங்களுக்கும் அந்தப் புத்தி இருந்திருக்கு. நல்லா இருக்கணும் நீங்க" என்றார். பக்கத்தில் நின்ற அவர் மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

நான் தலையாட்டினேன். கேட்டாயா? உனக்கு வரவேண்டிய வாழ்த்தை, நின்ற இடத்தில் நின்று, தலையாட்டி வாங்கிக்கொண்டேன். ஊசியை வாங்கிய அதே கையால்.

இரண்டு நாள் அந்தப் படுக்கைப் பக்கம் போகாமல் கண்ணாடியை அனுப்பினேன். வெள்ளிக்கிழமை அறிக்கையைப் படித்து, பெரியவர் மேல் பல்லைக் கடித்துக்கொண்டு நடந்துகொண்டிருந்தபோதுதான், பொய்யில் அவருக்கு ஒரு வரி என்றால் எனக்கும் ஒரு வரி இருக்கிறது என்று உறைத்தது. அவருடையதாவது தட்டச்சு. என்னுடையது என் கையால் எழுதியது.

நேற்றுக் காலை போய்ச் சொல்லிவிட்டேன். எண்ணச் சொன்னது நான் இல்லை, எண்ணாமல் தைத்தது நான் என்றேன். மகள் எழுந்து ஜன்னல் பக்கம் போய்விட்டாள். தையற்காரம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "தையல் நல்லா இருக்குன்னுதான் எல்லாரும் சொல்றாங்க. உதறிப் பார்த்துட்டுத் தைச்சிருக்கலாம்ல" என்றார். பிறகு, எண்ணச் சொன்ன அந்தப் பெண் எங்கே என்று கேட்டார். வேலையை விட்டுவிட்டு ஊருக்குப் போய்விட்டாள் என்றேன். அவருக்கு அது புரியவே இல்லை. "அது ஏன் போச்சு? நீங்க இங்கதானே இருக்கீங்க" என்றார்.

அதற்கு மேல் அங்கே நிற்க முடியவில்லை. நேரே முதல்வர் அலுவலகத்துக்குப் போய் வாக்குமூலம் எழுதிக் கொடுத்தேன். நகலை இதோடு வைத்திருக்கிறேன். என் அறுவைக் குறிப்பு பொய் என்று முதல் வரியிலேயே இருக்கிறது. பதிவேட்டில் அந்த மூன்றாவது கையெழுத்தின் மேல் நானே குறுக்குக் கோடு போட்டுவிட்டேன். சிஸ்டரை வேறு தியேட்டருக்கு மாற்றிவிட்டார்கள், அங்கேயும் போய்ப் பார்த்தேன். "நான் மட்டும் சொன்னா நர்ஸ் தன்னைக் காப்பாத்திக்கப் பேசறாம்பாங்க. நீங்க சொல்லுங்க, நானும் சொல்றேன்" என்றார். வியாழக்கிழமை வருகிறார்.

எனக்கு என்ன ஆகும் என்று தெரியவில்லை. ஒரு வருடம் நிறுத்தி வைக்கலாம், ஒரேயடியாக வீட்டுக்கும் அனுப்பலாம். பயமாகத்தான் இருக்கிறது. அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. ஆனால் நான் போனாலும் நீ போகக் கூடாது. இந்தத் துறையில் திறந்த தலைக்கு முன்னால் நின்று அந்த மனிதரிடம் பொறுங்கள் என்று சொன்ன ஒரே ஆள் நீதான். உன்னை அனுப்பிவிட்டு என் போன்றவர்களை வைத்துக்கொண்டு இவர்கள் யார் தலையைத் திறக்கப்போகிறார்கள்?

விடுவிப்புப் படிவத்தை உனக்குத் தபாலில் அனுப்பியிருப்பதாக அலுவலகத்தில் சொன்னார்கள். நீ கையெழுத்துப் போட்டு அனுப்பினால் விசாரணையே தேவையில்லை, கோப்பை மூடிவிடலாம் என்று பெரியவர் சொல்லியிருக்கிறாராம். அவருக்கு எப்போதும் மூடத்தான் அவசரம்.

உன்னிடம் எதையும் கேட்க எனக்கு வாயில்லை. நீ வந்தாலும் என்னோடு பேச வேண்டாம், இந்த அறைக்கும் வர வேண்டாம். உன் கட்டிலில் யாரையும் விடவில்லை, ஆனால் வேண்டுமானால் நான் வேறு அறைக்குப் போய்விடுகிறேன். அன்று நான் உன் பக்கத்தில் நின்று சொல்லியிருக்க வேண்டிய ஒரு வார்த்தை இருந்தது. பத்தொன்பது நாள் தாமதமாக, இப்போது உன்னிடம் சொல்கிறேன்.

பொறு. கையெழுத்துப் போடாதே.

ஏழாம் படுக்கைக்காரர் உன் குரலுக்குக் காத்திருக்கிறார். உன் கைக்கு ஒரு குறையும் வராமல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் நமத்துப்போன பட்டாசு