ஏற்கெனவே இணைந்திருந்தவர்

பாளையங்கோட்டை, ஐப்பசி மாதம், புதன் இரவு.

மதியம் மின்சாரம் போய் வந்தது. அதற்குப் பிறகு, சர்வரில் ஓடிக்கொண்டிருக்கும் நிரலோடு, அதில் பிழை தேட உதவும் என் டீபக்கர் இணையவே மாட்டேன் என்றது. ஏற்கெனவே வேறொரு டீபக்கர் இணைந்திருக்கிறதாம். ஒரு நேரத்தில் ஒருவருக்குத்தான் இடம்.

எரிச்சல் வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஒரு வாரமாக நான் மல்லுக்கட்டும் பிழையை இன்னொருவரும் தேடுகிறார் என்றதும் ஆறுதலாகத்தான் இருந்தது. சென்னை அலுவலகத்தில் இருக்கும் சுடலையாக இருக்கும் என்று அவனைக் கூப்பிட்டேன்.

"நான் தொடவே இல்லலே. அதுல ஒன்னைய விட்டா வேற எவன் வேலை பாக்கான்? கரண்டு போனப்ப நீ விட்ட பழைய இணைப்புதான் அங்கன தொங்கிக்கிட்டு கெடக்கும். அத வெட்டிட்டு திரும்பப் போடு" என்றான்.

என் மனைவி கமலா களக்காட்டில் அவள் அம்மா வீட்டுக்குப் போய்விட்டதைச் சொல்ல வாயெடுப்பதற்குள் போனை வைத்துவிட்டான்.

சர்வரில் பார்த்தேன். என் பெயர்தான் இருந்தது.

உடனே வெட்ட மனம் வரவில்லை. காப்பி போட்டுக் குடித்தேன். திரும்பி வந்தபோதும் அது அப்படியே இருந்தது. வெட்டினேன். முதல் முயற்சியிலேயே என் டீபக்கர் இணைந்துகொண்டது.

பிழை இன்னும் அகப்படவில்லை. தேடுவதற்கு இப்போது நான் மட்டும்தான் இருக்கிறேன்.