குமுதினி அக்கா கேட்கச் சொன்ன ஒன்பதாவது கேள்வி

என் அன்புக்கும், நேற்றிலிருந்து என் கோபத்துக்கும் உரிய குமுதினி அக்காவுக்கு,

நேற்று உங்கள் முப்பத்தோராம் நாள் காரியம் முடிந்தது. டாண்டினோங் பக்கம் ஒரு வாடகை மண்டபம். நல்ல கூட்டம், பதினோரு கறி. வாசலிலேயே உங்கள் நினைவு மலரைக் கையில் கொடுத்துவிட்டார்கள். வழவழ காகிதம். அட்டையில் பட்டுச் சேலையில் சிரிக்கிறீர்கள். நீங்கள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை. ஏதோ கல்யாண வீட்டில் எடுத்த படமாக இருக்க வேண்டும்.

நாற்பது பக்கம் அக்கா. தேவாரம் இருக்கிறது. நீங்கள் படித்த பள்ளிக்கூடம், வலைப்பந்து ஆடியது, கோயிலுக்குச் செய்த தொண்டு எல்லாம் இருக்கிறது. இந்த மெல்பர்னில் இருபது வருஷத்துக்கு மேல் என்ன வேலை செய்தீர்கள் என்பது மட்டும் இல்லை. 'சிறுவர் நலனில் அக்கறை கொண்ட வைத்தியர்' என்று ஒரே ஒரு வரி. வீடு வீடாகப் போய்ச் சொட்டு மருந்து கொடுத்தவர் என்று நினைத்துக்கொள்வார்கள்.

மலருக்கு நான் எழுதிக் கொடுத்த கட்டுரையில் மிஞ்சிய வரி அது. நான் எழுதியது, 'வளரிளம் பிள்ளைகளின் மனச்சோர்வையும் தற்கொலைத் தடுப்பையும் ஆராய்ந்த மனநல மருத்துவர்' என்று. வெட்டியது உங்கள் அண்ணன். அச்சுக்குப் போவதற்கு முதல் நாள் போன் செய்தார்.

"செந்தில் தம்பி, குறை நினைக்காதேங்கோ. அந்தச் சொல்லு மட்டும் வேண்டாம்."

"எந்தச் சொல்லுண்ணா?"

"அதான் தம்பி, அந்தச் சொல்லு. ஆக்கள் வாசிச்சுப்போட்டு, அவ எப்பிடிச் செத்தவ எண்டெல்லோ யோசிப்பினம்."

உங்களுக்குப் புற்றுநோய் என்று எல்லோருக்கும் தெரியும். அதையும் மலரில் போடவில்லை. 'சிறிது காலம் சுகவீனமுற்றிருந்து' என்று போட்டிருக்கிறார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் போனில் என்ன சொன்னேன் தெரியுமா? "சரிண்ணா" என்றேன். துக்க வீட்டில் எதற்குச் சண்டை என்று பேசாமல் இருந்துவிட்டேன். நீங்களாக இருந்தால் இருந்திருப்பீர்களா?

அந்தச் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியை நினைத்துக்கொண்டேன். பிள்ளைகளின் மனநல ஆய்வுக்கு அனுமதி கேட்டு நானும் நீங்களும் போயிருந்தோம். கேள்வித்தாளில் எட்டுக் கேள்வி அவர்களுக்குச் சம்மதம். தூக்கம் வருகிறதா, பசிக்கிறதா, படிப்பில் மனசு நிற்கிறதா, எல்லாம் சரி. ஒன்பதாவதை மட்டும் எடுத்துவிடச் சொன்னார்கள். செத்துப்போகலாம் என்று நினைத்ததுண்டா என்ற கேள்வி. கேட்டால் பிள்ளைகளுக்கு இல்லாத எண்ணம் வந்துவிடுமாம்.

"கேக்கிறதால எண்ணம் வாறேல்லை. தனிய வைச்சு அழுந்திற பிள்ளைக்கு, ஆரோ ஒராள் கேட்டிட்டார் எண்டு மூச்சு வரும்," என்றீர்கள். அவர்கள் தலையாட்டிவிட்டு மறுபடியும் எட்டு போதும் என்றார்கள். நீங்கள் தாள்களை அடுக்கிப் பையில் வைத்தீர்கள். "ஒன்பதையும் கேப்பன். இல்லையெண்டா ஒண்டையும் கேக்கமாட்டன்" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டீர்கள். நான் கார் நிறுத்துமிடம் வரைக்கும் புலம்பிக்கொண்டே வந்தேன். நான் புள்ளிவிவரக்காரன், எனக்கு அத்தனை பிள்ளைகளின் தரவு போகிறதே என்ற கவலை.

அன்றைக்குத்தான் நம் பல்கலைக்கழகத்தின் கிளேட்டன் வளாகக் கேன்டீனில் உட்கார்ந்து அந்தப் பெண்ணைப் பற்றிச் சொன்னீர்கள். இந்த ஊருக்கு வந்து, பரீட்சை எல்லாம் மறுபடி எழுதி, முதல் வேலை அவசரப் பிரிவில். ஒரு தமிழ்க் குடும்பம் பதினைந்து வயசு மகளைக் கூட்டிவந்து வயிற்று வலி என்றது. அவள் கண்ணைப் பார்த்ததும் வயிற்று வலி இல்லை என்று உங்களுக்குத் தெரிந்துவிட்டது. தாய் தகப்பன் பக்கத்தில் நிற்கிறார்கள், நம் பாஷை பேசுகிறார்கள், எப்படிக் கேட்பது? வயிற்று வலி என்றே எழுதி அனுப்பிவிட்டீர்கள். அடுத்த மாதம் அவள் உயிரோடு இல்லை.

"எனக்குக் கேக்க வெக்கமா இருந்தது தம்பி. வெக்கம்!" என்று சொல்லி மேசையில் தட்டினீர்கள். தேநீர் சிந்தியது. அதற்குப் பிறகு நீங்கள் செய்த படிப்பு, ஆராய்ச்சி, பள்ளி பள்ளியாக அலைந்தது எல்லாம் அந்த வெட்கத்தால் செய்தது. அதை நினைவு மலரில் எந்தப் பக்கத்தில் போடுவது அக்கா?

உங்கள் வேலையில் எனக்கு ஒரே ஒரு சட்டம்தான் வைத்தீர்கள். காலையில் கணினியைத் திறந்ததும், காபிக்கு முன்னால், முதல் நாள் வந்த படிவங்களில் ஒன்பதாவது கேள்வியைப் பார்க்க வேண்டும். 'ஆம்' என்று ஒரு பிள்ளை போட்டிருந்தால் உடனே உங்களிடம் வர வேண்டும். அன்றைக்கே அந்தப் பிள்ளையோடு யாராவது பேசியாக வேண்டும். நாளைக்கு என்ற பேச்சே கிடையாது. எத்தனை வருஷம் அப்படிப் பார்த்திருப்பேன்! யார் யார் வீட்டுப் பிள்ளைகளையோ பார்த்தேன்.

என்னிடம் மூன்று தடவை கேட்டீர்கள். "உன்ர பிள்ளையிட்ட கேட்டனியோ?"

முதல் தடவை லிஃப்டில். நான் சிரித்தேன். இரண்டாவது தடவை என் மேசைக்கே வந்து கேட்டீர்கள். "மிருதுளா நல்லா இருக்காக்கா, மார்க்கெல்லாம் சூப்பர்" என்றேன். மூன்றாவது தடவை ஆஸ்பத்திரிக் கட்டிலில், மூக்கில் குழாயோடு. "அக்கா, இப்பவுமா வேலையப் பத்திப் பேசுவீங்க, ரெஸ்ட் எடுங்க" என்று பெரிய மனுஷன் மாதிரி சொன்னேன். நீங்கள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டீர்கள். வலி என்று நினைத்தேன்.

நேற்றுச் சாப்பாடு முடிந்து வீட்டுக்கு வரும்போது மிருதுளா முன் சீட்டில் உட்கார்ந்து உங்கள் மலரைப் புரட்டிக்கொண்டு வந்தாள். பதினாறு வயசு. தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். கடைசிப் பக்கம் வரைக்கும் போய்விட்டு, "அப்பா, வேர் இஸ் ஹெர் ஆக்சுவல் ஜாப்?" என்று கேட்டாள்.

அண்ணன் வெட்டிய கதையைச் சொன்னேன். ஆக்ரோஷமாகத்தான் சொன்னேன். ஒரு சொல்லைக்கூடச் சொல்லப் பயப்படுகிற ஜனம் என்று ஸ்டீயரிங்கைக் குத்தினேன். அவள் என்னைப் பார்த்தாள். "யூ நெவர் சே இட் ஈதர், பா" என்றாள்.

அடுத்து வந்த பூங்கா ஓரத்தில் வண்டியை நிறுத்தினேன். நீங்கள் பயிற்சியில் சொல்லிக்கொடுப்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். கண்ணைப் பார், குரலைக் குறைக்காதே, கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு இரு. "மிருதுளா, செத்துப் போயிடலாம்னு எப்பவாவது நெனைச்சிருக்கியாம்மா?" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டேன்.

"லாஸ்ட் இயர். யெஸ்."

நான் என்ஜினை அணைத்தேன்.

"நாட் நவ், பா. நெஜமா. குமுதினி ஆன்ட்டி கேட்டாங்க. த பேசின்ல இருக்கற கோயில்ல, எல்லாரும் சாப்பிட்டுட்டு இருந்தப்ப, என்னைத் தனியா கூப்பிட்டு ஸ்ட்ரெய்ட்டா கேட்டாங்க. அப்புறம் கவுன்சிலர்கிட்ட அவங்கதான் சேர்த்துவிட்டாங்க."

வியாழக்கிழமை வியாழக்கிழமை லைப்ரரி என்று சொல்லிவிட்டுப் போனது அங்கேதானாம். நான்தான் காரில் கொண்டுபோய் விட்டேன் அக்கா. லைப்ரரி வாசலில் இறக்கிவிட்டுக் கையசைத்துவிட்டு வந்தேன்; அங்கிருந்து நடந்து போவாளாம்.

"ஏம்மா என்கிட்ட சொல்லல?"

"ஆன்ட்டி சொன்னாங்க, ஆபத்துன்னு தோணினா கட்டாயம் அப்பா அம்மாகிட்ட சொல்லிடுவேன், இல்லேன்னா நீயா சொல்ற வரைக்கும் சொல்லமாட்டேன்னு. நான் வெயிட் பண்ணேன். நீங்க கேக்கவே இல்லப்பா."

அக்கா, உங்கள் மேல் எனக்கு அடக்க முடியாத கோபம். மூன்று தடவை கேட்டீர்களே, நான்காவது தடவை என் சட்டையைப் பிடித்து உலுக்கியிருக்கக் கூடாதா? 'டேய், வீட்டுக்குப் போய்க் கேளடா' என்று ஒரு வார்த்தை கத்தியிருக்கக் கூடாதா? ஒரு சின்னப் பெண்ணுக்குக் கொடுத்த வாக்கை அந்தக் கட்டிலில் கிடந்தபோதும் காப்பாற்றினீர்கள். அது சரிதான் என்று எனக்குத் தெரியும். சரியாக இருப்பதால் இன்னும் கோபம் வருகிறது. யாரோடு சண்டை போடுவது?

உங்கள் அண்ணன் காகிதத்தில் வெட்டினார். நான் என் வீட்டில் அந்தக் கேள்வியையே வைக்கவில்லை. ஊரார் பிள்ளைகளின் பதிலைக் காபிக்கு முன்னால் பார்த்தவன், சொந்த மகளிடம் மார்க்கை மட்டும் பார்த்தேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஆனால் அந்த வெட்கத்தைத்தானே நீங்கள் மேசையில் தட்டிக் காட்டினீர்கள்.

இந்தக் கடிதத்தை மிருதுளாவிடம் கேட்டுத்தான் எழுதுகிறேன். அவளுடைய அம்மாவிடம் நேற்றே மூவருமாக உட்கார்ந்து பேசிவிட்டோம். இதுவரை எழுதியதை மிருதுளாவுக்குப் படித்துக் காட்டினேன். "ஃபைன், பட் டோன்ட் மேக் மீ அ சேட் ஸ்டோரி" என்றாள். இன்றைக்குக் காலையில் தோசை வேகவில்லை என்று என்னோடு சண்டை போட்டாள். வரும் வியாழக்கிழமை நானும் கூட வரலாமாம், ஆனால் வெளியே உட்கார வேண்டுமாம்.

உங்களுக்கு ஒரு வாக்குத் தருகிறேன். என் கட்டுரையை வெட்டாமல் அச்சடித்து, எடுத்துக்கொண்டு உங்கள் அண்ணன் வீட்டுக்குப் போகிறேன். தற்கொலைத் தடுப்பு என்ற சொல்லை அவர் முகத்துக்கு நேராக, குரலைக் குறைக்காமல் படிப்பேன். அவர் கோபப்பட்டால் படட்டும். அவருக்கும் இரண்டு பையன்கள் இருக்கிறார்கள். உங்கள் பிள்ளைகளிடம் கேட்டீர்களா அண்ணா என்று கேட்பேன். சிரித்தால் இரண்டாவது தடவை கேட்பேன். மார்க்கைச் சொன்னால் மூன்றாவது தடவையும் கேட்பேன். நான்காவது தடவை சட்டையைப் பிடிப்பேன்.

மகளிடம் கேட்க ஒரு வருஷம் தாமதித்த
உங்கள் தம்பி
செந்தில்