கிணற்றடிக்கு மரமா, பூவா?

டெட்டவென்,
2 மார்ச் 1987

அன்புள்ள வெலிச்கா,

நான் நலம். உன் நலமும் உன் தங்கையின் முழங்கால் நலமும் அறிய ஆவல். மார்ச் பிறந்துவிட்டதால் நம் ஊர் வழக்கப்படி சிவப்பும் வெள்ளையுமாக நூல் முறுக்கி இந்த உறைக்குள் வைத்திருக்கிறேன். மணிக்கட்டில் கட்டிக்கொள். முறுக்கு சரியில்லை என்று எனக்கே தெரியும். முப்பது வருடம் பேருந்து ஓட்டிய கை நூலுக்கு எங்கே வளையும்?

விஷயத்துக்கு வருகிறேன். கிணற்றடியில் உன் அப்பா நிழலுக்கு வைத்த லிபா மரத்தை நான் வெட்டி மூன்று வருடம் ஆகிறது. போன ஜூலையில் முற்றத்தில் கால் வைக்க முடியவில்லை, அப்படி ஒரு சூடு. வனத்துறைக்காரர்கள் இந்த மாதம் கன்று கொடுக்கிறார்கள். அங்கே நிழல் மரம் வைக்கலாமா, அல்லது முன்பு அந்த மரத்தடியில் வந்ததே, பனிப்பூ, அதைக் காட்டிலிருந்து கொண்டுவந்து நிரப்பலாமா? பக்கத்து வீட்டு த்ஸோனா பூதான் வேண்டும் என்கிறாள். எனக்கு இரண்டும் ஒன்றுதான். நீ பள்ளிக்கூடத்தில் தாவரப் பாடம் நடத்தியவள். அன்றைக்குக் கேட்காமல் வெட்டினேன், இன்றைக்குக் கேட்டுவிட்டு நடுகிறேன்.

எழுதினாலும் சரி, நேரில் வந்து சொன்னாலும் சரி. வந்து சொன்னால் ரொம்ப நல்லது.

உன்,
மின்கோ

*

ரூஸே,
11 மார்ச் 1987

மின்கோவுக்கு,

‘அன்புள்ள’ போடவில்லையே என்று பார்க்காதே, அதைப் பிறகு யோசிக்கலாம். நூல் வந்தது. தங்கை விழுந்து விழுந்து சிரித்தாள். நான் கட்டிக்கொண்டேன்.

இரண்டும் ஒன்றுதான் என்று எழுதியிருக்கிறாய். என் வகுப்பில் இருந்திருந்தால் உன்னை நிற்க வைத்திருப்பேன். பனிப்பூ ஒரு சாண் உயரம். மற்றவர்கள் தூங்கும்போதே எழுந்து பூத்து, மரம் முழுசாக இலை விடுவதற்குள் வேலையை முடித்துக்கொண்டு மண்ணுக்குள் போய்விடும். ஜூலையில் நிழல் கொடு என்று அதனிடம் போய் நிற்க முடியாது. மரம் கோடை முழுக்கக் கொடுக்கும், ஆனால் பதினைந்து வருடமாவது உன்னைக் காக்க வைக்கும். பூவுக்கு மரத்தின் நிழலும் சருகும் வேண்டும். மரத்துக்குப் பூ இல்லாவிட்டாலும் ஒன்றும் குறைவதில்லை. வெறும் பூவை அந்த வெயிலில் வைத்தால் நாலு வருடத்தில் மெலிந்து போகும். காட்டில் போய்த் தோண்டவும் கூடாது.

ஆகவே மரம். மாஸ்க்விச் காருக்குப் பன்னிரண்டு வருடம் வரிசையில் காத்திருந்த மனிதனுக்கு இது பெரிதா? அக்ரூட் வை. நல்ல அகலமான நிழல், ஈ வராது.

வருவதைப் பற்றி இப்போது பேச வேண்டாம்.

வெலிச்கா

*

டெட்டவென்,
27 மார்ச் 1987

அன்புள்ள வெலிச்கா,

உன் கடிதத்தை மதுக்கடையில் வாசித்துக் காட்டியது என் தப்பு. அக்ரூட் என்ற சொல் வந்ததுமே கிழவர் லாலியு கிளாஸைக் கீழே வைத்துவிட்டார். “டேய் மின்கோ, ஒம் பொண்டாட்டி ஒன்னக் குழிக்குள்ள எறக்கப் பாக்குறாடா! அக்ரூட்ட நட்டவன் கழுத்தளவுக்கு அது பருத்துச்சுன்னா அவன் கத முடிஞ்சுது. ஊருக்கே தெரியுமே, டீச்சரம்மாவுக்குத் தெரியாதா?” என்றார். கடையே சிரித்தது. நான் வீட்டுக்கு வந்து உன் தையல் நாடாவால் கழுத்தை அளந்தேன். நாற்பத்தொரு சென்டிமீட்டர். அந்த அளவு பருக்கப் பத்துப் பன்னிரண்டு வருடமாவது ஆகும், எனக்கு இப்போது அறுபத்தாறு. எனக்குச் சம்மதம்தான். ஆனால் வனத்துறைக்காரன் தரமாட்டேன் என்கிறான். “எழுவது தாண்டினவங்களுக்குத்தான் அக்ரூட் குடுப்பேன் மாமா, பாவம் எனக்கு வேணாம்” என்று கையெடுத்துக் கும்பிட்டான்.

இன்னொன்று. கராஜின் பின்சுவர் ஓரம் ஒரு பனிப்பூ வந்திருக்கிறது. கிணற்றடியிலிருந்து பத்துப் பன்னிரண்டு தப்படி தள்ளி. அங்கே இதற்கு முன் பூ இருந்ததே இல்லை. நான் நடவில்லை, த்ஸோனாவும் நடவில்லை. போன இலையுதிர் காலத்தில் நான் பிளெவெனுக்கு மருத்துவரைப் பார்க்கப் போயிருந்தபோது நீ வந்தாயா? உள்ளதைச் சொல். நீ வந்து வைத்துவிட்டுப் போயிருப்பாய் என்று நினைத்து நான் அதைச் சுற்றிக் கல் அடுக்கி வைத்திருக்கிறேன்.

உன்,
மின்கோ

*

ரூஸே,
6 ஏப்ரல் 1987

மின்கோவுக்கு,

நான் வரவில்லை. எறும்பு.

பனிப்பூவின் விதையில் ஒரு ஓரமாக வெள்ளையாகச் சதை ஒட்டியிருக்கும். எறும்புக்கு அது பலகாரம். விதையோடு தூக்கிக்கொண்டு போய்ச் சதையைத் தின்றுவிட்டு விதையை எறிந்துவிடும். மே மாதம் காய் தரையில் சாயும்போது பக்கத்தில் படுத்துப் பார், தெரியும். அந்த விதை பூக்க நாலைந்து வருடம் ஆகும். உன் பூவை எறும்பு எடுத்துப் போனபோது அப்பாவின் மரம் நின்றுகொண்டிருந்தது.

கேட்டதால் சொல்கிறேன். தங்கைக்கு அறுவைச் சிகிச்சை முடிந்து நான் திரும்பி வந்த அன்று, தெருமுனையிலேயே நம் வீட்டுக்கு மேல் வெறும் வானம் தெரிந்தது. ‘கார் நிறுத்த இடம் வேணும்ல’ என்றாய். அவ்வளவுதான் சொன்னாய். பெட்டியைக் கீழேகூட வைக்காமல் அடுத்த பேருந்தில் ஏறினேன். அந்த மரத்தைவிட ஒரு மாஸ்க்விச் உனக்குப் பெரிதா என்று மூன்று வருடமாக என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். எனக்கு இன்னும் புரியவில்லை.

வெலிச்கா

*

டெட்டவென்,
24 மே 1987

அன்புள்ள வெலிச்கா,

பார்த்துவிட்டேன். மூன்று நாள் சுவரோரம் குப்புறப் படுத்திருந்தேன். த்ஸோனா வேலிக்கு மேல் எட்டிப் பார்த்து, “ஐயையோ, மின்கோ அண்ணனுக்கு என்னமோ ஆயிடுச்சு!” என்று அலறித் தெருவையே கூட்டிவிட்டாள். நான் படுத்தபடியே “எறும்பு பாக்குறேன், போங்க எல்லாரும்” என்றேன். யாரும் போகவில்லை. லாலியு உள்பட நாலு பேர் என்னோடு படுத்துப் பார்த்தார்கள். ஒரு எறும்பு தன்னைவிடப் பெரிய விதையை இழுத்துக்கொண்டு பின்பக்கமாகவே நடந்தது. இடறியது, விட்டது, திரும்பி வந்து எடுத்தது. இத்தனை வருடம் இது என் முற்றத்தில் நடந்திருக்கிறது, நான் பார்த்ததே இல்லை.

நீ கேட்டதற்குப் பதில் எழுத ஏழு வாரம் ஆகிவிட்டது. நாலு முறை எழுதிக் கிழித்தேன். காருக்காக வெட்டவில்லை. நான் ஓய்வு பெற்று வீட்டுக்கு வந்தபோது அந்த மரத்தடியில் எப்போதும் நீயும் உன் பழைய மாணவர்களும். பெஞ்சு நிறைய ஆட்கள், சிரிப்பு, லிபாப் பூ தேநீர். நான் வந்தால் பேச்சு நின்றுவிடும். “வணக்கம் சார்” என்பார்கள். நான் கிணற்றில் தண்ணீர் எடுப்பது போலக் கொஞ்ச நேரம் நிற்பேன், பிறகு உள்ளே போய்விடுவேன். பொறாமைதான், வேறு என்ன? மரம் போனால் கூட்டம் போகும், நீ எனக்கு மிஞ்சுவாய் என்று நினைத்தேன். முட்டாள்தனம். நீயும் போய்விட்டாய்.

வனத்துறையில் கடைசியாக ஒரு லிபா கன்று இருக்கிறதாம். வாங்கட்டுமா? நட வேண்டுமென்றால் முதலில் பழைய அடிக்கட்டையைச் சுத்தம் செய்ய வேண்டும். ஒவ்வொரு வருடமும் அதைச் சுற்றிக் குச்சி குச்சியாகக் கிளம்புகிறது, நான் கோடரியால் செதுக்கிவிடுவேன். அடிக்கட்டையில் கிளம்புவது மரமாகாது என்று எங்கள் அப்பா சொல்வார். ஜூன் ஏழாம் தேதி ஞாயிற்றுக்கிழமை இந்த வருடத்துக் குச்சிகளையும் செதுக்கிவிட்டு வேலையைத் தொடங்குகிறேன்.

உன்,
மின்கோ

*

ரூஸே,
30 மே 1987

அன்புள்ள மின்கோ,

ஞாயிற்றுக்கிழமை ஒன்றும் செய்யாதே. கன்றும் வாங்காதே.

உன் அப்பா தங்கமான மனிதர், ஆனால் லிபாவைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. அடியில் அந்த மரத்தின் வேர் முழுசாக உயிரோடு இருக்கிறது. அந்தக் குச்சிகளில் நேரான ஒன்றை விட்டுவிட்டு மற்றதை எடுத்தால் போதும், வாங்கி வைக்கும் கன்று அதன் கிட்டே வர முடியாது. ஏழெட்டு வருடத்தில் உன் தலைக்கு நிழல் விழும். மூன்று வருடமாக அப்பாவின் மரம் திரும்பி வரப் பார்த்திருக்கிறது, நீ வெட்டிக்கொண்டே இருந்திருக்கிறாய். மடையா! நட வேண்டியதே இல்லை, வெட்டாமல் இருந்தாலே போதும்.

நானும் ஒன்று சொல்ல வேண்டும். நீ கிணற்றடியில் வாளியோடு நின்றதை நான் பார்த்தேன். வாளி காலி என்பதும் தெரியும். “வா, இப்படி உக்காரு” என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பெஞ்சில் இடம் இருந்தது. என் கூட்டம், என் மரம் என்ற மிதப்பில் இருந்தேன், கூப்பிடவில்லை. அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

எந்தக் குச்சி நேரானது என்று உனக்குப் பார்க்கத் தெரியாது, தப்பானதை விட்டுவிடுவாய். வியாழக்கிழமை மதியப் பேருந்தில் வருகிறேன். பெட்டி இரண்டு இருக்கிறது, கனம். நிலையத்துக்கு வந்துவிடு. கோடரியை வீட்டிலேயே வைத்துவிட்டு வா.

உன்,
வெலிச்கா