முன்னறைக் கயிற்றில் பொங்கல் அட்டைகள்

15 ஜனவரி 2024

“நான்தான் கழற்றினேன்” என்று இன்று சொல்லவில்லை.

அம்மாவின் தம்பி அழகமுத்து மாமா கோத்தகிரியிலிருந்து சொல்லாமல் வந்து நின்றார். எண்பதுகளில் குடும்பமே இந்தியா போனது; அம்மா மட்டும் இங்கே இலங்கையில், மஹய்யாவயில் தங்கிவிட்டார். அன்றிலிருந்து பொங்கலுக்குப் பொங்கல் அங்கிருந்து ஓர் அட்டை, இங்கிருந்து ஓர் அட்டை. வந்ததையெல்லாம் தை பிறந்ததும் அம்மா முன்னறையில் கயிறு கட்டித் தொங்கவிடுவார். ஜிகினா உதிர்ந்த மாடுகள், வெளிறிய கரும்புகள்.

இன்று என்னோடு வேலை செய்யும் பிரேமிளா சாப்பிட வருவதாக இருந்தாள். நேற்றே எல்லாவற்றையும் கழற்றி அலுமாரிக்கு மேலே போட்டுவிட்டேன். “ஒன் இஷ்டம்” என்றார் அம்மா.

மாமா சுவரைப் பார்த்தார். “என்னக்கா, நான் அனுப்புனதெல்லாம் அடுப்புக்குள்ள போயிருச்சா?” சிரித்துக்கொண்டேதான் கேட்டார்.

அம்மா என் பக்கம் திரும்பவில்லை. “கரையான் அரிச்சிருச்சுப்பா.”

நான் பிரேமிளாவுக்குப் பொங்கல் பரிமாறிக்கொண்டிருந்தேன்.

16 ஜனவரி

அம்மா ரெண்டு வார்த்தை ஏசியிருக்கலாம்.

2 மார்ச்

கோத்தகிரியிலிருந்து ஒரு பார்சல். அம்மா இத்தனை வருடமாக மாமாவுக்கு அனுப்பிய அட்டைகள், ஒன்று விடாமல். மேலே ஒரு துண்டுத் தாள்: ‘அக்கா, உன் சுவர் வெறுமையா இருக்க வேணாம்.’

இப்போது அவர் சுவர்?

அம்மா ஒன்றை எடுத்து வாசித்தார் — ‘தம்பி, அம்மாவுக்குக் கால் வலி எப்படி?’ — அப்புறம் வாசிக்கவில்லை. “நீயே சொல்லிரு” என்றார்.

சொந்த வீட்டை நினைத்துக் கூசுகிற மனிதர்களைப் பற்றி எத்தனை நாவல் வாசித்திருக்கிறேன். பென்சிலால் கோடு வேறு போட்டிருக்கிறேன். அவர்கள்மேல் இரக்கப்பட்டேனாம் — நான்.

3 மார்ச்

மாமாவுக்குப் போன் எடுத்துச் சொன்னேன்.

“அந்தப் புள்ள பாத்துரும்னா?”

“ஆமா மாமா.”

“ரெண்டு மாசமா அக்காவையில்ல தப்பா நெனச்சுக்கிட்டு இருந்தேன்.” பிறகு, “போன அக்காகிட்ட குடு.”

என்னிடம் வேறொன்றும் பேசவில்லை. கத்தியிருந்தால்கூட — தெரியவில்லை.

5 மார்ச்

அம்மாவின் அட்டைகளை மாமாவுக்கே திருப்பி அனுப்பினேன். தபால் கந்தோரில் உள்ளே என்ன என்று கேட்டார்கள். வாழ்த்து அட்டை என்றேன்.

14 ஜனவரி 2025

மாமாவின் அட்டை நேற்று வந்தது. அம்மா பெயர், அப்பா பெயர், என் தம்பி பெயர். என் பெயர் இல்லை.

மற்றவற்றோடு அதையும் முன்னறையில் மாட்டினேன்.