சேலைத் தலைப்பில் முடிந்த உப்பு

அக்கராயன்
18.2.1962

அன்புள்ள மகன் கனகலிங்கத்துக்கு,

வற்றாப்பளை அம்மன் கிருபையால் இங்கே ஏதோ ஓடிக்கொண்டிருக்கிறது, நீ கொழும்பில் வேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாய் இருக்கவேண்டுமென்று அவளையே கும்பிடுகிறேன். உன் மகள் ஜெகதி ஆஸ்பத்திரியில் கிடக்கும்போது எல்லோரும் நலம் என்று எழுதக் கை வரவில்லை. வயலில் அரிவு வெட்டுத் தொடங்கிவிட்டது, அதைச் சின்னராசாவின் பொறுப்பில் விட்டுவிட்டு நான் பஸ்ஸில் நின்றும் ஆஸ்பத்திரி மரவாங்கில் இருந்தும் காலம் கழிக்கிறேன், நாரி, இடுப்பெல்லாம் விட்டுப்போயிற்று.

பிள்ளைக்கு முகமும் காலும் வீங்கியது சலம் பிரிக்கிற குண்டிக்காயில் வந்த வருத்தத்தால் என்றும் சாப்பாட்டில் உப்பே கூடாது என்றும் முதலிலேயே சொல்லிவிட்டார்கள். ஏன் கூடாது என்று ஒருவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கப் பயந்து தலையாட்டிவிட்டு வந்தோம். பின்னேரத்தில் மட்டும்தான் எங்களை உள்ளே விடுவார்கள். உப்பில்லாத சோற்றைப் பிள்ளை துப்பித் துப்பி மெலிந்துபோக, தாய் பத்மாசனிக்குப் பொறுக்கவில்லை, வருத்தக்காரப் பிள்ளைக்கு என்ன விரதம் என்று என்னோடு சண்டை பிடித்தாள். பிறகு எனக்கும் சொல்லாமல் சேலைத் தலைப்பில் கொஞ்சம் உப்பை முடிந்துகொண்டு போய்ச் சோற்றில் பிசைந்து கொடுத்திருக்கிறாள். பிள்ளை சாப்பிடுகிறாள் என்று நானும் சந்தோஷப்பட்டேன். ஆனால் வற்றிய வீக்கம் திரும்ப ஏறிக் கண் மூடிப்போயிற்று, மூச்சும் இழுத்தது. மருந்தை மாற்றியும் பலனில்லை. பிள்ளை கைவிட்டுப் போய்விடுவாளோ என்று உனக்குத் தந்தி அடிக்கத் தபால் கந்தோர் வாசல்வரை போய், மனம் துணியாமல் திரும்பினேன் தம்பி.

அப்போதுதான் புதிதாக வந்த டொக்டர் கட்டிலில் அவளுக்குப் பக்கத்தில் இருந்து, எங்களைக் கேளாமல் அவளைக் கேட்டார், சோறு எப்பிடியம்மா இருக்கு என்று. அம்மா வந்தால் நல்லாயிருக்கும், அவா தலைப்பிலையிருந்து உப்புப் போடுறவா என்று உன் மகள் சொல்லிவிட்டாள். பத்மாசனி தலைப்பை இழுத்து மறைத்தாள், இனி எங்களைத் துரத்தப்போகிறார் என்றே நினைத்தேன். அந்த மனிதன் கோபிக்கவில்லை. குண்டிக்காய் களைச்சுப்போய்க் கிடக்கு, உப்புச் சேர்ந்தால் உடம்பு தண்ணியைப் பிடிச்சு வைக்கும் என்று பிள்ளைக்கே விளங்கப்படுத்தி, அவள் காலைப் பெருவிரலால் அமத்திப் பள்ளம் விழுவதைக் காட்டினார். ஒவ்வொரு நாளும் விடிய எழும்பி நீதான் அமத்திப் பார்த்து எனக்குச் சொல்லவேணும் என்றார். தாயும் பிள்ளையும் சேராமல் என்ர மருந்து மட்டும் என்ன செய்யும் என்று சொல்லி, பத்மாசனியை அங்கேயே தங்கவும் விட்டுவிட்டார். அவள் இப்போது கட்டிலுக்குப் பக்கத்தில் பாய் போட்டுப் படுக்கிறாள், டொக்டரைக் கேட்டு உப்புக்குப் பதிலாகச் சோற்றுக்குத் தேசிக்காய்ப் புளி விட்டுக் கொடுக்கிறாள். உன் மகளின் அதிகாரம்தான் தாங்கமுடியவில்லை. பஸ்ஸில் நின்று வந்த என் காலையும் அமத்திப் பார்த்துவிட்டு, அப்பப்பாவும் உப்பை நிப்பாட்டுங்கோ என்று உத்தரவு போட்டுவிட்டாள்.

பத்மாசனிக்குக் கோபமாக ஒரு வரியும் எழுதாதே. அவள் அழுதது போதும். வீக்கம் இறங்குகிறது, ஆனாலும் இன்னும் பயம் தெளியவில்லை என்றுதான் டொக்டர் சொல்கிறார். லீவு கிடைப்பது கஷ்டம் என்று எழுதியிருந்தாய். உன் கந்தோர் நியாயம் எனக்குத் தெரியாது, பின்னேரமானால் பிள்ளை வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் தெரியும். எனக்கும் தனியே தாங்க ஏலாமல் இருக்கிறது.

கொதித்தாறிய தண்ணீரே குடி. அம்மன் உனக்கு ஒரு குறையும் வைக்கமாட்டாள். இதைக் கட்டாயம் எழுதச் சொல்லி ஜெகதி என் கையைப் பிடித்துக்கொண்டாள்: நீ வரும்போதெல்லாம் அவளுக்குக் கொண்டுவரும் உறைப்புக் கடலை இந்தமுறை வேண்டாமாம், அதில் உப்பு இருக்காம். அப்பாவை வெறுங்கையோட வரச்சொல்லுங்கோ என்றாள்.

இப்படிக்கு,
உன் வரவைப் பார்த்திருக்கும் ஐயா,
வீ. அப்புத்துரை